உச்சிவெயில் மாரப்பன்

அந்த வருஷம் ஆடியில் மேலக்கொம்பை மீது இறங்கிய மேகம், எல்லா வருஷமும் போல நாலு நாள் உட்கார்ந்துவிட்டு எழுந்து போகாமல், தேயிலைச் சரிவுகள் மேலும் எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளின் தகரக் கூரைகள் மேலும் மாதா கோயில் கூம்பின் மேலும் பள்ளிவாசல் மினாரின் மேலும் பாய் விரித்துப் படுத்துக்கொண்டது. ஆவணி வந்து போனது, புரட்டாசி வந்து போனது, மேகம் மட்டும் போகவில்லை. துவைத்த துணி காயவில்லை. உப்பு ஜாடியில் தண்ணீர் நின்றது. தீக்குச்சி உரசினால் மருந்து மட்டும் உதிர்ந்தது. பிறகு ஊர்க்காரர்களின் எலும்புகள் நோக ஆரம்பித்தன. கொழுந்து பறிக்கப் போன பெண்கள் மேடேறும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு பாதியில் நின்றார்கள். நடக்கப் பழக வேண்டிய பிள்ளைகள் எழுந்து நின்று பார்த்துவிட்டு, இது சரிப்படாது என்பதுபோல மறுபடி உட்கார்ந்துவிட்டன.

சுகாதார நிலையத்து டாக்டர் ஷஹானா, சின்ன வயசுக்காரி, எல்லாருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னாள். "உடம்புல வைட்டமின் டி இல்ல. அது வெயில் பட்டாத்தான் தோலுக்கடியில ஊறும். மாத்திரைக்கு எழுதிப் போட்டிருக்கேன், ரோடு சரிஞ்சு கெடக்கு, லாரி வரல. அதுவரைக்கும் கொஞ்சம் வெயில்ல நில்லுங்க."

"எந்த வெயில்ல டாக்டரம்மா?" என்று கேட்டுவிட்டு, டாக்டரும் சிரிக்க, வந்தவர்களும் சிரித்துக்கொண்டே நொண்டி நொண்டித் திரும்பிப் போனார்கள்.

ரோசலினுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவள் கணவன் ஞானமுத்து, மலைப் பாதையில் காலமெல்லாம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், கொண்டை ஊசி வளைவுகளில் ஒருநாளும் தவறாதவர், மேகம் வந்த முதல் மாதமே வீட்டு வாசற்படிப் பாசியில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். கீழே கொண்டுபோய் பிளேட் வைத்துத் தைத்து மேலே கொண்டுவந்தாள். அதற்குப் பிறகுதான் ரோடு சரிந்தது. எலும்பு ஒட்டவில்லை. கட்டிலில் கிடந்தபடி மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்; அவர் கால்கள் நாளுக்கு நாள் மெலிந்து போர்வைக்கடியில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் போயின.

வீட்டுக்குப் பின்னால் பழைய தேயிலைக் குடோனை வாடகைக்குப் பிடித்து ரோசலின் காளான் வளர்த்துவந்தாள். எஸ்டேட் ஃபாக்டரியை மூடியபோது கோயம்புத்தூருக்குப் போய்ப் பயிற்சி எடுத்து வந்தவள். அந்தப் பயிற்சியில் ஒரு அம்மா சொன்னது இப்போது ஞாபகம் வந்தது: நம் தோலைப் போலத்தான் காளானும், இருட்டில் வளர்ந்தாலும் பறித்த பிறகு அதன்மேல் புற ஊதாக் கதிரைக் கொஞ்ச நேரம் காட்டினால் போதும், அதுவே வெயில் குடித்த மாதிரி வைட்டமின் டி ஊறி நிற்கும். ரோசலின் டாக்டரிடம் கேட்டாள். "உண்மைதான்மா" என்றாள் ஷஹானா. "ஆனா அந்த விளக்கைக் காளானுக்குத்தான் காட்டணும். நேரா அவர்மேல காட்டிராதீங்க, கண்ணும் தோலும் வெந்துபோகும்."

லாரி ஏற முடியாத அந்த ரோடு முழுதாக அறுந்துபோவதற்கு முன் வந்த கடைசி ஜீப்பில், அவள் சொல்லியனுப்பிய விளக்கு வந்து சேர்ந்தது. குடோனில் ஒரு மூலையைக் கறுப்புத் துணியால் மறைத்து, தட்டத்துக்கு மேலே விளக்கைக் கட்டித் தொங்கவிட்டாள். காம்பை வெட்டி, குடையின் அடிப்பக்கத்து மடிப்புகள் மேலே பார்க்கும்படி ஒவ்வொரு காளானையும் மல்லாக்கப் படுக்கவைத்து, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு துணிக்கு வெளியே நின்று சுவிட்சைப் போட்டாள். துணியின் ஓரத்தில் ஊதா நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது. அவ்வளவுதான். காளான் பார்க்கக் காளானாகவே இருந்தது.

மிளகு தட்டிப் போட்டு வறுத்து, தட்டில் வைத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஞானமுத்து சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஏங்க, இது காளான் இல்ல, மருந்துன்னு நெனச்சுச் சாப்பிடுங்க."

"வேணாம் ரோசி."

கல்யாணமான நாளிலிருந்து அவர் காளான் சாப்பிட்டதில்லை என்பது அவளுக்குத் தெரியும். காளான் வளர்க்கும் வைக்கோல் மூட்டையைச் சுமந்து தருவார், காளான் பைகளைப் பஸ் கூரையில் ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுபோவார், ஆனால் ஒரு துண்டு வாயில் வைக்கமாட்டார். பிடிக்காது போல என்று அவளும் விட்டுவிட்டாள். இன்று விடுவதாக இல்லை. கெஞ்சினாள், கோபித்தாள், கடைசியில் தட்டைத் தரையில் வைத்துவிட்டு அழுதாள்.

அப்போதுதான் அவர் சுவரைப் பார்த்தபடியே சொன்னார். "எனக்கு ஆறேழு வயசு இருக்கும். காய்ச்சல். எனக்குக் கஞ்சி மட்டும் குடுத்தாங்க. மழை விட்டதும் காட்டோரமா மொளைச்ச காளானை அம்மா பறிச்சுட்டு வந்து சமைச்சா. அம்மாவும் அக்காவும் சாப்பிட்டாங்க. எனக்கும் வேணும்னு அழுதேன், காய்ச்சக்காரனுக்குக் கூடாதுன்னுட்டா. மூணாம் நாள் ரெண்டு பேரையும் ஒண்ணாக் கொண்டுபோனாங்க." போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். "கெட்ட வாசமா இருந்திருந்தாக்கூடப் பரவாயில்ல ரோசி. அவ்வளவு நல்ல வாசமா இருந்துச்சு."

"இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க."

"நீ காளான் போட்ட, வீடு நடந்துச்சு. இதுல நான் என்னத்தச் சொல்ல?"

ரோசலின் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அதற்குப் பிறகு அவரை அவள் கேட்கவேயில்லை. ஆனால் தட்டம் தட்டமாக விளக்குக் காட்டிய காளான் குடோனில் கிடந்தது. வீணாக்க மனசு வராமல் அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தாள், மீதியைக் கடைவீதிக்கு அனுப்பினாள், சந்தைக்குப் போக வழியில்லாத அந்த நாட்களில் மேலக்கொம்பையில் எல்லா வீட்டு அடுப்பிலும் ரோசலினின் காளான்தான் கொதித்தது.

முதலில் வெயிலடித்தது டீக்கடை யூசுப் பாய்க்கு. பாலை உயர்த்தி ஆற்றிக்கொண்டிருந்தவரின் முழங்கையிலிருந்து, சாயங்காலம் நாலு மணிக்கு மேற்குச் சன்னல் வழியாக விழுமே, அந்த மாதிரி ஒரு சாய்ந்த மஞ்சள் வெயில் புறப்பட்டு டீ கிளாஸ்களின்மேல் விழுந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒரு நிமிஷம் பார்த்தார்கள். பிறகு ஒருவர், "பாய், கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பி நின்னு ஆத்துங்க, இந்தக் காலு ரெண்டு மாசமா வெறைச்சுக் கெடக்கு" என்றார். பாய் திரும்பி நின்று ஆற்றினார்.

ஒரு வாரத்துக்குள் ஊரில் பாதிப் பேருக்கு வெயில் வந்துவிட்டது. ஆளுக்கொரு பொழுதாக வந்தது, யாருக்கு எந்தப் பொழுது என்பதற்கு ஒரு கணக்கும் இல்லை. தலைமையாசிரியை ஸ்டெல்லாவுக்குக் காலை இளவெயில்; அவள் தெருவில் நடந்தால் வழிநெடுகச் சேவல்கள் கூவின. பால் சொசைட்டி நஞ்சம்மாவுக்கு அந்தி வெயில். அவள் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகள் கொட்டாவி விட்டுத் தூங்கின, மேய்ந்துகொண்டிருந்த மாடுகள் அவளைக் கண்டதும் மேய்ச்சலை விட்டு வீட்டுக்குக் கிளம்பின. வெயில் வந்தவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து அவர்களைச் சுற்றிக் கயிறு கட்டித் துணி காயப்போட்டார்கள். பிள்ளை பெற்ற வீடுகளிலிருந்து, பச்சைக் குழந்தைக்கு இளவெயில் காட்ட, ஸ்டெல்லா டீச்சரை அழைத்துப்போக ஆள் வந்தது. ஒரே அறையில் இரண்டு வெயில்காரர்கள் இருந்தால் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு நிழல் விழுந்து, எந்த நிழல் யாருடையது என்று மாமியார் மருமகள் சண்டை வந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் படிப்பு என்ன, வேலை என்ன என்று கேட்ட பிறகு, பொண்ணுக்கு எந்த வெயில் என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். அந்தி வெயில் என்றால் கொஞ்சம் யோசித்தார்கள். பஞ்சாயத்துக் கூட்டத்தில், பால் சொசைட்டி வரிசையில் நிற்பவர்கள் அவரவர் வெயிலைக் குளிருகிறவர்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். பள்ளிவாசலில் பெரியவர், வெயிலைப் பார்த்துத் தொழுகை நேரம் முடிவு பண்ண வேண்டாம், கடிகாரத்தைப் பாருங்கள் என்று சொல்லி முடித்துவிட்டார். பாதிரியாரும் பூசாரியும் அதையே சொன்னார்கள். இதெல்லாம் எப்படி வந்தது என்று யாரும் பெரிதாகக் கேட்டுக்கொள்ளவில்லை; ரோசலின் காளான்ல வந்தது என்பார்கள், அதற்கு மேல் அதில் என்ன இருக்கிறது என்பதுபோல வேலையைப் பார்க்கப் போவார்கள்.

ரோசலினுக்கும் வந்தது. ஆனால் அவளுக்கு வாய்த்தது விடிவதற்குச் சற்று முந்தைய வெளிச்சம், சாம்பலும் நீலமுமாக, சூடே இல்லாத வெளிச்சம். அதில் மாட்டில் பால் கறக்கலாம், அரிசியில் கல் பொறுக்கலாம். எலும்பு ஒட்டாது.

ஞானமுத்து காளான் சாப்பிடமாட்டார் என்ற விஷயம் தெரிந்து ஊர்க்காரர்கள் அவர்களாகவே வந்தார்கள். ஸ்டெல்லா டீச்சர் பள்ளிக்கூடம் போகுமுன் வந்து ஞானமுத்துவின் காலடியில் உட்கார்ந்து நோட்டுத் திருத்தினாள். யூசுப் பாய் கடையைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து ஊர்க்கதை பேசினார். ஞானமுத்துவின் முகத்தில் ஒரு தெளிவு வந்தது, ஆனால் கால் அப்படியே இருந்தது. டாக்டர் வந்து அழுத்திப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"காலை வெயிலும் சாயங்கால வெயிலும் சுகமா இருக்கும்மா. ஆனா இவர் எலும்புக்கு வேண்டியது அதுல ரொம்பக் கொஞ்சம். நம்ம நிழல் நம்மளவிடக் குட்டையா விழுற நேரத்து வெயில் வேணும். உச்சிவெயில் யாருக்காவது வந்திருக்கா?"

ரோசலின் தரையைப் பார்த்தாள். உச்சிவெயில் ஊரில் ஒரே ஒருவருக்குத்தான் வந்திருந்தது. அவர் மாரப்பன்.

மாரப்பன், ஞானமுத்து ஓட்டிய அதே பஸ்ஸில் கண்டக்டர். ஒரு காலத்தில் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள். ஒருநாள் பஸ்ஸைப் பின்னால் எடுக்கும்போது பாலத்துச் சுவரில் இடித்து, ஒரு பயணிக்குக் கை முறிந்தது. விசாரணையில் "நிறுத்தச் சொல்லி விசில் வரல" என்றார் ஞானமுத்து, "ஊதினேன், அவன் கேக்கல" என்றார் மாரப்பன். தண்டனை இரண்டு பேருக்கும் கிடைத்தது. அதே பஸ்ஸும் கிடைத்தது. அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை அந்த இரண்டு பேரும் விசிலைத் தவிர ஒரு சத்தம் பரிமாறிக்கொள்ளவில்லை.

மேட்டிலுள்ள மேல் லைன் வீடுகளில் ஒன்றில் மாரப்பன் தனியாக இருந்தார். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், மகன் திருப்பூரில். ரோசலின் மேடேறிப் போனபோது அவர் வீட்டைச் சுற்றி மேகம் விலகி ஒரு வட்டமே காய்ந்து கிடந்தது. புல் பழுத்திருந்தது, கூரைத் தகரம் சூட்டில் படபடவென்று சத்தமிட்டுக்கொண்டிருந்தது. ஊரார் மிளகாயையும் விறகையும் அந்த வட்டத்தின் ஓரத்தில் பரப்பிவிட்டு, உள்ளே போகாமலே திரும்பியிருந்தார்கள். அவள் வட்டத்துக்குள் காலை வைத்ததும் அவளுடைய நிழல் சுருண்டு பாதத்துக்கடியில் போனது. சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டாள்.

"வா தங்கச்சி. மொளகா கொண்டுவந்தியா?" மாரப்பன் பனியனோடு உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்.

"இல்லண்ணே. உங்களைத்தான் கூப்பிட வந்தேன்."

அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். "அவன் கூப்பிடச் சொன்னானா?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. "இல்லண்ணே. அவருக்குத் தெரியாது."

"அப்ப தொரத்துவான்."

"தொரத்தினா வந்துருங்க. நானே கொண்டுவந்து விடுறேன்."

மாரப்பன் காய்ந்துகிடந்த மிளகாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "மொளகா காய வைக்கத்தான் வர்றாங்க எல்லாரும். வீட்டுக்குள்ள வந்து ஒருத்தர் உக்காந்து எத்தனை நாளாச்சு தெரியுமா? எம் பக்கத்துல உக்காந்தா வெந்துபோகுது." எழுந்து சட்டையைத் தேடினார். பிறகு சட்டை வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, தோளில் துண்டை மட்டும் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

அவர் உள்ளே வந்ததும் அந்த அறையில் இருந்த நிழல்களெல்லாம் கட்டிலுக்கும் நாற்காலிக்கும் அடியில் ஓடிப் பதுங்கின. ஞானமுத்து ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் புரண்டுகொண்டார். போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. மாரப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ரோசலின் கதவுக்கு வெளியே நின்று கையைப் பிசைந்தாள். விஷயம் கேள்விப்பட்ட டாக்டர், "முதுகும் தோல்தானேம்மா, விழட்டும்" என்றாள்.

அப்படியே நாட்கள் போயின. மாரப்பன் மத்தியானம் வருவார், உட்காருவார், ஞானமுத்து முதுகைக் காட்டுவார், ரோசலின் இருவருக்கும் மோர் வைப்பாள், மாரப்பன் குடிப்பார், ஞானமுத்து மாரப்பன் போன பிறகு குடிப்பார். ஒருநாள் அவள் அடுப்படியில் இருந்தபோது அறைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் காதைக் கொடுத்தாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காரு. காந்துது."

நாற்காலி தரையில் உரசும் சத்தம். "இது போதுமா?"

"இன்னும் கொஞ்சம்."

"இதுக்கு மேல போனா நான் வீட்டுக்கே போயிருவேன்."

"போயேன், யார் வேண்டாம்னா."

மாரப்பன் போகவில்லை. அதன் பிறகு அந்த அறையில் சத்தம் ஓயவே இல்லை. பாலத்துச் சுவரைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்ட அன்றைக்கு ரோசலின் பயந்து ஓடினாள். ஊதினேன், ஊதவில்லை, ஊதினேன், ஊதவில்லை என்று இருவரும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள், ஞானமுத்து கத்துகிற வேகத்தில் முழங்கையை ஊன்றிப் பாதி எழுந்து உட்கார்ந்திருந்தார். விழுந்த நாளிலிருந்து அவர் தானாக எழுந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. ரோசலின் திரும்பி வந்து, குடோனுக்குள் போய், காளான்களை மல்லாக்கத் திருப்பிக்கொண்டே தனியாகச் சிரித்தாள்.

ஞானமுத்துவின் தோல் கறுத்தது. கால் சதைபிடித்தது. மார்கழியில் டாக்டரும் ரோசலினும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள, கட்டிலைவிட்டு இறங்கி நின்றார். கைத்தடியோடு அறைக்குள் நாலடி வைத்தார், வாசல்வரை வந்தார், வாசற்படியைக் கண்டதும் பயந்து திரும்பினார். எவ்வளவு சொல்லியும் அந்தப் படியைத் தாண்டமாட்டேன் என்றுவிட்டார்.

தை பிறந்து சில நாள் கழித்து, யாரும் எதிர்பார்க்காத ஒரு காலையில், மேகம் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டது. ஊரே தெருவுக்கு வந்துவிட்டது. சிலர் வெறுங்காலோடு சாலையில் நின்று தார் சுடுவதை அனுபவித்தார்கள். நடக்காமல் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எழுந்து தத்தித் தத்தி நாலு எட்டு வைத்துத் தம் நிழலைத் தாமே பிடிக்கப் போயின. அவரவர் உடம்பில் இருந்த வெயில் எப்போது போனது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பட்டப்பகலில் எரிகிற பல்பை அணைத்தால் யாருக்குத் தெரியும். யூசுப் பாய் மறுநாள் காலையில்தான் முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த வாரக் கடைசிக்குள் ரோடும் சரியாகிவிட்டது. மாத்திரை லாரியும் வந்துவிட்டது.

மேகம் போன மறுநாள் மத்தியானம் மாரப்பன் வரவில்லை.

"மணி என்ன ரோசி?" என்றார் ஞானமுத்து.

அவள் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டார், மறுபடி சொன்னாள். வாசலில் நல்ல வெயில் வெள்ளையாக விழுந்து கிடந்தது, அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உடம்பு கிடம்பு சரியில்லையோ?" என்றார். "அந்த மேட்டுல தனியாக் கெடக்கான். விழுந்தாக்கூட யாருக்குத் தெரியும்?"

"நான் போய்ப் பாத்துட்டு வரட்டுமா?"

"ஒண்ணும் வேணாம். வராதவன் வர வேணாம்."

ரோசலின் குடோனுக்குப் போனாள். வைக்கோலைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தவளுக்குக் கைத்தடிச் சத்தம் கேட்டது. அறைக்குள்ளே கேட்கிற சத்தம் இல்லை, கல்லில் தட்டுகிற சத்தம். எட்டிப் பார்த்தாள். ஞானமுத்து வாசற்படியைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, மேல் லைனுக்குப் போகும் சரிவில் ஏறிக்கொண்டிருந்தார். யாரையோ வாய்விட்டுத் திட்டிக்கொண்டே ஏறினார். வாய் திறந்து கூப்பிடப் போனவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கூப்பிட்டால் நிற்பார், நின்றால் காலைப் பார்ப்பார், காலைப் பார்த்தால் ஞாபகம் வந்துவிடும். கையில் ஒட்டிய வைக்கோலோடு, செருப்புச் சத்தம் கேட்காதபடி அதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் தள்ளிப் பின்னாலேயே போனாள். தடி சறுக்கிய ஒவ்வொரு தடவையும் அவள் ஒரு எட்டு முன்னால் ஓடி நின்றாள்.

"மாரப்பா! டேய் மாரப்பா!" என்று ஞானமுத்து கதவைத் தடியால் தட்டினார்.

கதவு திறந்தது. உள்ளேயிருந்து வெயில் வரவில்லை. தொளதொள பனியனோடு ஒரு வயசாளி வெளியே வந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்.

"எங்கடா போன? மணி என்ன ஆகுது?"

"வெயில் போயிருச்சு ஞானமுத்து." மாரப்பன் தன் கைகளை நீட்டிக் காட்டினார். "காலையில எந்திரிச்சுப் பாத்தேன், வெறுங்கை. இனிமே நான் வந்து என்ன பண்ண?"

"அதுக்கு?"

மாரப்பன் ஒரு அடி முன்னால் வந்தார். ஞானமுத்துவின் தலையிலிருந்து கால்வரை பார்த்தார், பின்னால் யாராவது பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார்களா என்று சரிவை எட்டிப் பார்த்தார். வளைவில் தேயிலைச் செடிக்குப் பின்னால் ரோசலின் சட்டென்று குனிந்துகொண்டாள்.

"நடந்தா வந்த?" என்றார் மாரப்பன்.

ஞானமுத்து திரும்பி, தான் ஏறி வந்த மேட்டைப் பார்த்தார். அதைப் பார்த்த பிறகுதான் அவருடைய கால்கள் நடுங்க ஆரம்பித்தன. கீழே விழுமுன் மாரப்பன் ஓடிவந்து இரண்டு கையாலும் அவரைப் பிடித்துக்கொண்டார். அப்படிப் பிடித்தபடியே இருவரும் அந்த வெயிலில் நின்றிருந்தார்கள்.

ரோசலின் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி வந்து, அடுப்பை மூட்டி, மூன்று பேருக்கு அரிசி களைந்தாள்.